கரவனுக்குள் வராத வைபை: பாசிக்குடா முதல் உகந்தை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறைப்பாடும்

ஆரையம்பதியில் தம்பி ஒருவர் பழைய டொல்பின் வேன் ஒன்றைக் கரவனாக மாற்றி வாடகைக்கு விடுகிறார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மடிக்கும் கட்டில், சின்னச் சமையல் மேசை, 12 வோல்ட் குளிர்ப்பெட்டி, கூரையில் ஒரு சோலார் தகடு, அதற்கொரு 100 ஆம்பியர் மணி பற்றரி எல்லாம் போட்டிருக்கிறார். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கனடா, இலண்டன், சுவிஸ் என்று போய்க் குடியேறிய நம்மவர்கள். கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை வருவார்கள். பாசிக்குடா, மட்டக்களப்பு வாவிக்கரை, பிறகு ஏ4 வீதியால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில், அறுகம்பே, கடைசியில் உகந்தை முருகன் கோயில் என்பது வழமையான சுற்று. இரவில் ஏதாவது விடுதி வளவுக்குள் வண்டியை விடுவார்கள். கழிப்பறை, தண்ணீர், மின்சாரம், வைபை நாலுக்கும் சேர்த்து விடுதிக்காரருக்கு ஒரு தொகை.

முறைப்பாடு அந்த நாலாவதைப் பற்றித்தான். "அண்ணன், வரவேற்பறையில நிண்டா வைபை பறக்குது. வண்டிக்குள்ள வந்தா செத்துப்போகுது. பெரிய அன்டெனா ஒண்டு பூட்டித் தாங்க" என்று தம்பி என்னிடம் கேட்டு வந்தார். வழக்கமாக வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்ததாக வண்டியைப் பதிந்திருந்த ரொறன்ரோக் குடும்பத்துக்கு அப்படி முடியாது. களுவாஞ்சிக்குடியில் பிறந்த அக்கா, கணவர், இரண்டு பிள்ளைகள். அக்கா முழு விடுமுறையில் வரவில்லை, கிழமைக்குச் சில நாள் அலுவலகக் கூட்டத்தில் வீடியோவில் இருந்தாக வேண்டும். ரொறன்ரோவில் கோடைகாலக் காலை 9 மணி நமக்கு மாலை 6.30. விடுதிகளில் எல்லாரும் கடலிலிருந்து திரும்பி வந்து போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. இதைவிடக் கெட்ட நேரம் ஒன்றை யாரும் தேடிப் பிடிக்க முடியாது.

ஏற்கெனவே வாங்கியிருந்தவை

தம்பி சும்மா இருக்கவில்லை. முதலில் சுவர் பிளக்கில் செருகும் வைபை எக்ஸ்டென்டர் ஒன்று வாங்கிக் கட்டில் தலைமாட்டில் செருகியிருந்தார். போனில் கோடுகள் நிரம்பிவிட்டன, பக்கம் மட்டும் திறக்கவில்லை. காரணம் எளிது. எக்ஸ்டென்டர் இருந்த இடத்துக்கே வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்து நீட்டும்? போன் காட்டிய முழுக் கோடு ஒரு முழம் தள்ளியிருந்த எக்ஸ்டென்டருக்கும் போனுக்கும் இடையிலானது. அதோடு ஒற்றை ரேடியோ உள்ள மலிவான எக்ஸ்டென்டர்கள் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே சனலில் மாறி மாறிச் செய்வதால், கிடைக்கும் வேகத்திலும் பாதியளவு போய்விடும்.

இரண்டாவது, யூஎஸ்பியில் லாப்டொப்போடு இணைக்கும் ஒரு சின்னக் கருவியும், அதற்கு நீண்ட கறுப்பு வயரோடு ஒரு குச்சி அன்டெனாவும். பெட்டியில் "8 டிபிஐ", அதாவது சிக்னலை 8 டெசிபெல் கூட்டிக் கொடுக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வயரைப் பார்த்தேன். ஆர்ஜி-58 வகை மெல்லிய கேபிள், 8 மீட்டர் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் இந்தக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் தின்னும். அன்டெனா கூட்டிக் கொடுக்கும் எட்டையும் வயர் எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, வயரைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அறுந்தது எந்தத் துண்டு?

"வைபை இல்லை" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு இணைப்புகளை ஒன்றாகக் கட்டிச் சொல்கிறோம். லாப்டொப்பிலிருந்து வண்டிக்குள் இருக்கும் ரவுட்டர் வரை ஒன்று, வண்டியிலிருந்து விடுதியின் வைபை பெட்டி வரை இன்னொன்று, அந்தப் பெட்டியிலிருந்து வெளியுலகம் வரை மூன்றாவது. போனின் மூலையில் தெரியும் கோடுகள் முதலில் சந்திக்கும் துண்டை மட்டும் காட்டும். அந்தக் கோடுகளுக்கும் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு போன் கொம்பனியும் தன் பாட்டுக்கு வைத்திருக்கிறது. எந்தத் துண்டு அறுந்தது என்று பாராமல் அன்டெனா பூட்டினால் காசு காற்றில் போகும். ஆகவே பெரிய அன்டெனாவுக்கு நான் உடனே ஓம் சொல்லவில்லை.

அளப்பதற்கு ஆண்ட்ரொயிட் போனில் இலவசமாகக் கிடைக்கும் வைபை அளவி ஒன்று போதும். அது டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்களாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் அமோகம். மைனஸ் 67 வரை வீடியோக் கூட்டத்துக்குத் தாங்கும். 75க்குக் கீழே இழுபறி, 80ஐத் தாண்டினால் பெயரளவுக்குத்தான் இணைப்பு. 20 டெசிபெல் வித்தியாசம் என்றால் சக்தியில் 100 மடங்கு என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்களை வாசிப்பது இலகு. இரண்டாவது கருவி பிங், ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் கட்டளை. முதலில் விடுதி ரவுட்டரின் முகவரிக்கும், பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். முதலாவதே தாமதித்தால் பழுது வளவுக்குள், முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது இழுத்தால் பழுது விடுதிக்கு வெளியே.

பாசிக்குடா: தகரத்துக்குள் அடைபட்ட அலை

அக்கா குடும்பம் வருவதற்கு முன் தம்பியும் நானும் வண்டியைப் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோனோம். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் சின்ன விடுதி. வைபை பெட்டி வரவேற்பறைச் சுவரில். வண்டி விடும் இடம் அங்கிருந்து 60 மீட்டர் அளவில், தென்னைகளுக்குப் பின்னால்.

வண்டிக்கு வெளியே நின்றபோது அளவி மைனஸ் 71 காட்டியது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியதும் மைனஸ் 85. அந்த 14 டெசிபெல்லை வேனின் உடம்பு விழுங்கியிருக்கிறது. இரும்புத் தகட்டுக்குள் வானொலி அலை புகாது, கண்ணாடிகளால்தான் நுழைய வேண்டும். தம்பியோ வெயிலுக்கென்று எல்லாக் கண்ணாடிக்கும் வெள்ளி பூசிய ஃபிலிம் ஒட்டியிருந்தார். அந்த வகை ஃபிலிமில் இருப்பதும் மெல்லிய உலோகப் படலம். வெயிலைத் திருப்பி அனுப்பும் அதே குணம் வைபையையும் திருப்பி அனுப்பும். உலோகம் இல்லாத ஃபிலிம்களும் கடைகளில் இருக்கின்றன. புதிதாகக் கரவன் செய்கிறவர்கள் இதை முதலிலேயே கேட்டு வாங்கலாம்.

மைனஸ் 85இலும் போன் ஒரு கோடு காட்டிக்கொண்டுதான் இருந்தது. இது பலரை ஏமாற்றும் இடம். கோயில் லவுட் ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேட்கும், நாம் வீட்டு வாசலில் நின்று கத்தினால் ஐயருக்குக் கேட்காது. வைபையும் இருவழிப் பேச்சு. விடுதியின் பெட்டி பலமாகப் பேசும், போனும் லாப்டொப்பும் பற்றரியைச் சேமிக்க மெல்லப் பேசும். நமக்கு அது கேட்கிறது என்பதால் அதற்கு நாம் கேட்கிறோம் என்று இல்லை.

முதல் மருந்து ஸ்டியரிங்கில் இருந்தது. தம்பி வண்டியைத் திருப்பி, பின் கதவுக் கண்ணாடி வரவேற்பறையைப் பார்க்கும்படி, இரண்டு தென்னைக்கு இடைவெளியில் நிறுத்தினார். உள்ளே மைனஸ் 77 ஆனது. காசு செலவில்லாமல் 8 டெசிபெல். வண்டியை இரண்டு மீட்டர் அசைத்தாலே எண் மாறுவதையும் அங்கே பார்த்தோம். சுவரிலும் மரத்திலும் பட்டு வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோரிடத்தில் கழிக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு வளவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுவது நல்லது. ஆனால் 77 போதாது.

அடுத்தது ரேடியோவையே வெளியே கொண்டுபோவது. அன்டெனாவை வெளியில் வைத்து நீள வயரில் சிக்னலை உள்ளே இழுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தம்பியின் பழைய குச்சி காட்டிவிட்டது. டீபி-லிங்க், யுபிக்விட்டி போன்ற கொம்பனிகள் அன்டெனாவும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, மழை வெயில் தாங்கும் வெளிப்புறக் கருவிகளைச் செய்கின்றன. அதிலிருந்து கீழே வருவது சாதாரண நெட்வேர்க் கேபிள். அந்தக் கேபிளில் 100 மீட்டர் வரை தகவல் தேயாது, மின்சாரமும் அதே கேபிளால் ஏறும். அவற்றில் ஒன்றை, பின் கதவுக்கு மேலே கூரைக் கம்பியில் ஒரு மீட்டர் தடி கட்டி ஏற்றினோம். ஒரு பக்கம் பார்க்கும் அன்டெனா என்பதால் வரவேற்பறையை நோக்கித் திருப்பினோம். உள்ளே சின்ன ரவுட்டர் ஒன்று, கரவனுக்கென்று தனிப் பெயரில் வைபை கொடுக்கிறது. வெளிப்புறக் கருவியில் மைனஸ் 58. கையிலிருக்கும் லாப்டொப்புக்கு இனி இரண்டு மீட்டரில் ரவுட்டர். அன்டெனா கேட்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ பேசுவதற்கும் அவ்வளவு உதவும் என்பதால், லவுட் ஸ்பீக்கர் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

தடி எதற்கு, கூரையிலேயே ஒட்டினால் என்ன என்று தம்பி கேட்டார். நேர்கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலைக்கு அந்தக் கோட்டைச் சுற்றி இடம் வேண்டும். 60 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் ஆரத்துக்கு அந்த இடம் விரியும். அதில் பெரும்பகுதி வெறுமையாக இருக்க வேண்டும். தரையோடு தரையாக மதில், மோட்டார் சைக்கிள், துணி காயப்போட்ட கொடி, மனிதர்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஈர இலை இன்னும் மோசம், தண்ணீர் அலையை விழுங்கும். நம் பக்கத்தில் மலை தடுப்பது அபூர்வம், தடுப்பது தென்னையும் மாமரமும்தான்.

இரண்டு சில்லறை விஷயங்கள் நேரத்தைத் தின்றன. சிக்னல் அருமையாக வந்தும் இணையம் வரவில்லை. பார்த்தால் விடுதி ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1, நம் ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? நம்முடையதை 192.168.88.1 என்று மாற்றியதும் சரி. விடுதிகளில் 1.1 அல்லது 0.1 இருப்பதுதான் வழமை, கரவன் ரவுட்டருக்கு யாரும் பாவிக்காத இலக்கமாகப் போட்டுவிட்டால் இந்தத் தலையிடி திரும்ப வராது. மற்றது, விடுதியின் பெட்டி 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் விடுவது. அருகில் நிற்கும்போது 5இல் தொற்றிக்கொள்ளும் போன், தூரம் போனபின்னும் விடாமல் அதிலேயே தொங்கும். சுவரையும் மரத்தையும் கடப்பதில் 5 பலவீனமானது. வளவில் நிற்கும் வண்டிக்கு 2.4தான்.

விடுதி முதலாளியிடம் தடியை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிக் கேட்டோம். அவருக்குக் கொஞ்சம் யோசனை. "வேற ஆக்களின்ர வளவுக்கும் போகுமா தம்பி?" என்றார். இது வாங்கும் பெட்டி, உங்கள் கடவுச்சொல் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று விளக்கிய பிறகு சம்மதித்தார். கேட்காமல் செய்வது மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை.

உல்லை: கோடு முழுசு, கூட்டம் அறுபடுகிறது

அக்கா குடும்பம் வந்து பாசிக்குடாவில் கூட்டம் ஒன்றும் குழம்பவில்லை. தெற்கே இறங்கியபோதுதான் உண்மையான சோதனை. மட்டக்களப்பிலிருந்து அறுகம்பேக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊர் விட்டு ஊர் தெரியாமல் வீடுகள், டவருக்கும் குறைவில்லை. திருக்கோவில் தாண்டிக் கோமாரிப் பக்கம் போனால் வீடு ஐதாகும், சிக்னலும் ஐதாகும்.

அறுகம்பேயின் விடுதிகள் இருக்கும் உல்லையில் அவர்கள் தங்கிய விடுதியில் வெளிப்புறக் கருவி மைனஸ் 52 காட்டியது. பாசிக்குடாவைவிட நல்லது. மாலை 6.30க்குக் கூட்டம் தொடங்கியது, பத்து நிமிடத்துக்குள் அக்காவின் முகம் உறைந்துவிட்டது. தம்பி எனக்கு அழைத்தார். "அண்ணன், அன்டெனா பழுதாப் போச்சு." பிங் போடச் சொன்னேன். விடுதி ரவுட்டருக்கு 3 மில்லிசெக்கன்ட். வெளியே 8.8.8.8க்கு 600, 900, சிலவேளை பதிலே இல்லை. அன்டெனாவில் ஒரு குறையும் இல்லை. அறுந்தது மூன்றாவது துண்டு.

விடுதிக்காரரிடம் விசாரித்தபோது அது ஃபைபர் இணைப்பு அல்ல, சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்று என்று தெரிந்தது. பகலெல்லாம் அலைச்சறுக்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாலையில் அந்த வீடியோக்களை மேலேற்றத் தொடங்குவார்கள். ஏறும் பாதை ஒருவரால் நிறைந்தாலே மற்றவர்களின் சின்னச் சின்னத் தகவல்களும் வரிசையில் நின்று காய வேண்டியதுதான். வேகச் சோதனையில் இறங்கும் வேகம் ஓரளவு தெரியும், கூட்டம் மட்டும் அறுந்துகொண்டே இருக்கும். இந்த நிலைக்குக் கூரையில் இன்னும் பத்து அன்டெனா பூட்டினாலும் பலனில்லை.

அந்தத் தெருவின் காற்றும் நெரிசல்தான். அளவியைத் திறந்தால் விடுதிப் பெயர்கள் திரை கொள்ளாமல் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாக 3இலும் 9இலும் விட்டால் இரண்டு பக்கத்தாரையும் கெடுத்துவிடுவார். அன்றைக்கு அது இரண்டாவது பிரச்சினை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

செய்ய வேண்டியது விடுதி வைபையைக் கைவிடுவது. கரவன் ரவுட்டரோடு சேர்த்து, சிம் போடக்கூடிய, வெளி அன்டெனாவுக்கு இரண்டு துளை உள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தேன். 4ஜிக்கு அன்டெனா இரட்டையாகத்தான் வேண்டும். இரண்டு அலைப்பாதையில் ஒரே நேரம் தகவல் வருவதால், ஒற்றை வயர் பூட்டினால் பாதி ஆதாயம் போய்விடும். அந்த இரட்டை அன்டெனாவின் வயரை இரண்டு மீட்டருக்குள் முடித்திருந்தோம், காரணம் மேலே சொன்ன அதே கணக்கு.

எந்த சிம்? தம்பியிடம் ஒரு நிறுவனத்தின் சிம்மும் அக்காவிடம் இன்னொன்றின் சிம்மும் இருந்தன. இங்கே இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஆர்எஸ்ஆர்பி டவரின் சத்தம் எவ்வளவு பலமாக வருகிறது என்பது. எஸ்ஐஎன்ஆர் அந்தச் சத்தம் இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. தம்பியின் சிம் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 92, எஸ்ஐஎன்ஆர் 2. அக்காவின் சிம் மைனஸ் 103, ஆனால் எஸ்ஐஎன்ஆர் 12. கோடு பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். கூட்டத்தைத் தாங்கியது இரண்டாவது. சீசன் காலத்தில் எல்லாரும் தொங்கும் டவரை விடத் தள்ளியிருக்கும் டவர் சிலவேளை மேல். எந்த நிறுவனம் என்று நான் சொல்லாததற்குக் காரணம், அடுத்த ஊரில் இது தலைகீழாக இருக்கலாம். கிழக்கில் சுற்றுகிறவர் கையில் இரண்டு நிறுவன சிம் இருக்க வேண்டும், ஒன்றில் விசுவாசம் வைக்கக்கூடாது.

டேட்டாக் கணக்கையும் அக்காவோடு பேசினோம். 720பி தரத்தில் வீடியோக் கூட்டம் போவதற்கும் வருவதற்கும் தலா 1.2 மெகாபிட் அளவில் கேட்கும், மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல். கமராவை மூடிக் குரலை மட்டும் விட்டால் 100 எம்பிக்குள் ஒரு மணித்தியாலம் ஓடும். "என்ர முகத்தை அவங்களுக்கு ஒவ்வொரு நாளும் பாக்கத் தேவையில்ல தம்பி" என்று அக்கா கமராவை மூடிவிட்டார். அதைவிடப் பெரிய திருடன் பிள்ளைகளின் போன்களில் இருந்தது. கடற்கரையில் எடுத்த படங்களும் வீடியோக்களும் வைபை கண்டவுடன் தாமாகவே மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கும். எல்லாப் போனிலும் அதை நிறுத்தி, லாப்டொப்பில் இந்த இணைப்பு அளவுக்குட்பட்டது என்று குறித்து, விண்டோஸ் தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொள்வதையும் தடுத்தார்கள். அதன்பிறகு உல்லையில் கூட்டம் அறுபடவில்லை.

இடையில் ஒரு மாலை மட்டும், கச்சான் காற்று பலமாக அடித்த நாளில், எல்லாம் திடீரென்று மந்தமானது. தடியைப் பிடித்திருந்த பட்டி இளகி, 4ஜி அன்டெனா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது. மீன்களுக்கு டவர் இல்லை. இன்னொரு போல்ட் போட்டு இறுக்கியதோடு அது முடிந்தது.

பாணமைக்கு அப்பால்

பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகும் பாதையில் விடுதி வைபை என்ற பேச்சே இல்லை. டவரும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். வெளி அன்டெனாவோடு ரவுட்டர் சிற்சில இடங்களில் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எழுத்து வரை பிடித்தது, கூட்டத்துக்குக் காணாது. கோயிலுக்குப் போகிற நாளில் கூட்டம் வைக்க வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். வரைபடத்தை உல்லையிலேயே இறக்கி வைத்திருந்தார்கள். தொழில்நுட்பத்தில் இதைவிட நல்ல தீர்வு அந்த இடத்துக்கு என்னிடம் இல்லை.

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் பூட்டினால் என்ன என்று தம்பி கேட்டார். இலங்கையில் அதற்கு 2024 ஓகஸ்டில் உரிமம் கிடைத்து, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. உகந்தை போன்ற இடத்துக்கு அதுதான் மிஞ்சும் வழி, மறுப்பில்லை. ஆனால் அதன் சிறிய மினி தட்டே 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். நம் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 10 வாட் அளவில்தான். 100 ஆம்பியர் மணி ஈய பற்றரியில் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதி, 600 வாட் மணி. 35 வாட் தட்டு தனியாக அதை 17 மணித்தியாலத்தில் முடித்துவிடும், குளிர்ப்பெட்டி வேறு இருக்கிறது. தட்டுக்குத் திறந்த வானமும் வேண்டும், நாமோ நிழல் தேடி மரத்தடியில் வண்டி விடுகிறவர்கள். மாதக்கணக்கில் வண்டியிலேயே சீவிக்கிறவருக்குச் சரி, வாடகை வண்டிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றேன். "மறுகா பாப்பம்" என்றார்.

இன்னொன்றையும் அவர் இணையத்தில் பார்த்து வைத்திருந்தார்: கைப்பேசி சிக்னலையே பெருக்கும் பூஸ்டர். அதற்கு உறுதியாக வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் வானொலி அலை பரப்பும் கருவி வைத்திருக்க முடியாது. சட்டத்தை விடுங்கள், மலிவான பூஸ்டர் தன் இரைச்சலையும் சேர்த்தே டவருக்கு அனுப்பும், சுற்றியிருக்கும் எல்லாருடைய இணைப்பும் கெடும். அன்டெனா வேறு, பூஸ்டர் வேறு. 4ஜி ரவுட்டருக்கு வெளி அன்டெனா பூட்டுவது அதன் காதைத் தகரத்துக்கு வெளியே வைப்பது மட்டுமே.

இப்போது வண்டியில் இருப்பது

கூரையில் தடி இப்போது மடக்கும் தடி. ஓடும்போது படுக்க வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாமரக் கிளையோடு போய்விடும். மின்கம்பிக்குக் கீழே ஏற்றக் கூடாது, இடி முழங்கும்போது இறக்க வேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு வண்டியை எடுக்கிறவர்களுக்குத் தம்பி இதைக் கையில் எழுதிக் கொடுக்கிறார். கூரையில் துளை போடவில்லை. முதலில் பின் கதவு பீடிங் வழியாகத் தட்டைக் கேபிள் விட்டோம், கதவு சாத்திச் சாத்தி அது நசுங்கியது. பிறகு சோலார் வயர் இறங்கும் அதே துவாரத்தால் வட்டக் கேபிள் இறக்கினோம். மழைத்தண்ணீர் கேபிள் வழியே உள்ளே வழியாமல் துவாரத்துக்கு முன் ஒரு தொங்கல் வளைவு விட்டிருக்கிறோம். போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. கடற்கரை உப்புக்குச் சாதாரண இரும்பு போல்ட் ஒரு சீசன் தாங்காது. 4ஜி அன்டெனா மூட்டுகளில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றியிருக்கிறோம்.

ஜன்னல் ஃபிலிமை உரிக்கத் தம்பிக்கு மனம் வரவில்லை. உள்ளே ரவுட்டர் இருப்பதால் இனி அது பெரிதாகப் பாதிக்காது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போது அவர் இப்போது கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. "வைபை இருக்கா?" என்பதற்குப் பதிலாக "ஃபைபரா, சிம் போட்ட ரவுட்டரா?" என்று கேட்கிறார். பாதிப் பிரச்சினை போனிலேயே முடிகிறது.

தீராமல் இருப்பது ஒன்று. குளிர்ப்பெட்டியின் கொம்பிறசர் வேலை தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் லைன் தாழ்ந்து, ரவுட்டர் நின்று மறுபடி தொடங்குகிறது. இரண்டும் ஒரே மெல்லிய வயரில் தொங்குவதுதான் காரணம். அக்கா கூட்ட நேரத்தில் குளிர்ப்பெட்டியை நிறுத்தி வைத்துச் சமாளித்தார். ரவுட்டருக்குப் பற்றரியிலிருந்து நேராக, தன் பியூசோடு, தனி வயர் இழுக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கியாயிற்று. வண்டி வாடகையிலிருந்து திரும்பி வந்தால் வேலை தொடங்கலாம்.